பதினைந்தாவதா, பதினைந்துக்கு ஒன்றா?

பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றங்கரைக் கிணறு ஒன்றில், நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் பதியும் கருவியை இறக்கி, 30 நாள் பதிவை ஒரே கோப்பாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். முதல் வரி 1-ஆம் தேதி 00:00. கடைசி வரி 30-ஆம் தேதி 23:59. மொத்தம் 43,187 எண்கள். அவற்றில் ஒவ்வொரு 15-ஆவது எண்ணை மட்டும் எடுக்க நீங்கள் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிய லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி) 2,880 எண்களைத் தந்தது. உங்கள் நண்பர் எழுதியது 2,879 எண்களைத் தந்தது. யாருடையது சரி, இதை ஒரே வரியில் எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் எழுத முடியும். இருவருமே லூப்பில் தவறு செய்யவில்லை. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று உங்கள் எண்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இருபது ஆண்டுகளாக வேலூரைச் சுற்றியுள்ள கிணறுகளின் பதிவுகளைக் கணினியில் ஒழுங்குபடுத்துவதே என் தொழில் என்பதால், அந்த 43,187 என்ற எண்தான் முதலில் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 2,880-க்கும் 2,879-க்கும் உள்ள வித்தியாசம். அர்ரே என்று வகுப்பிலும் அணி என்று பாடநூலிலும் சொல்லப்படுவதில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சுட்டெண் உண்டு. பைத்தானில் அது 0-இல் தொடங்குகிறது. நீங்கள் சுட்டெண்ணை 15-ஆல் வகுத்து மீதி 0 வந்தால் எடுத்துக்கொண்டீர்கள். ஆகவே உங்களுக்குக் கிடைத்தவை 0, 15, 30 என்று போகும் சுட்டெண்கள். நண்பர் ஒரு தனி எண்ணியை வைத்து, அதை முதலில் 1 கூட்டிவிட்டுப் பிறகு மீதி பார்த்திருக்கிறார். அவருக்குக் கிடைத்தவை 14, 29, 44 ஆகிய சுட்டெண்கள், அதாவது நாம் விரல் விட்டு எண்ணினால் 15-ஆவது, 30-ஆவது, 45-ஆவது எண்கள். 43,187-ஐ 15-ஆல் வகுத்தால் ஈவு 2,879, மீதி 2. முழுமையான பதினைந்துகள் 2,879 இருப்பதால் நண்பருக்கு அத்தனை. மீந்த இரண்டில் முதலாவது உங்கள் வரிசையில் விழுவதால் உங்களுக்கு ஒன்று கூடுதல். தொடக்கச் சுட்டெண் எதுவானாலும், மொத்தத்திலிருந்து அதைக் கழித்து, தாவலால் (ஒவ்வொரு முறையும் எத்தனை இடம் நகர்கிறோம் என்ற எண், இங்கே 15) வகுத்து, பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமைப்படுத்தினால் எத்தனை உறுப்புகள் கிடைக்கும் என்பது நிரலை ஓட்டும் முன்பே தெரிந்துவிடும். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பலமுறை கை கொடுத்திருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குப் பைத்தானைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பேச்சிலேயே அது இருக்கிறது. 'பதினைந்துக்கு ஒன்று' என்றால் எங்கே தொடங்குவது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. 'ஒவ்வொரு பதினைந்தாவது' என்றால் முதல் பதினான்கைத் தாண்டித்தான் தொடங்க வேண்டும். 'பதினைந்து விட்டு ஒன்று' என்றாலோ தாவலே 16 ஆகிவிடுகிறது. கோடையில் எங்கள் தெருவில் 'மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர்' என்று ஒருவர் சொல்வார், 'மூன்று நாள் விட்டு வருகிறது' என்று இன்னொருவர் சொல்வார். குடத்தை எடுத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த ஒரு நாள் பெரிய வித்தியாசம். ஆகவே உங்கள் வழிகாட்டி 'ஒவ்வொரு 15-ஆவது பதிவு' என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்தச் சொற்களின்படி நண்பருடையதுதான் பொருந்துகிறது. 'கால் மணிக்கு ஒரு பதிவு' என்று அவர் நினைத்திருந்தால் 00:00, 00:15 என்று போகும் உங்கள் தொடக்கமே பொருந்துகிறது. அவர் எதை நினைத்தார் என்பதை நிரலிலிருந்து கண்டுபிடிக்க முடியாது; கேட்டுவிடுவதே வழி.

ஒரே வரி இதுதான். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அப்படியே எழுதுகிறேன். உங்கள் பட்டியலின் பெயர் நீர்மட்டம் என்றால், உங்கள் லூப்புக்கு ஈடானது

நீர்மட்டம்[0::15]

நண்பருடையதற்கு ஈடானது

நீர்மட்டம்[14::15]

சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளியைப் போன்ற குறிகளால் பிரிக்கப்படுபவை தொடக்கம், முடிவு, தாவல் என்ற மூன்று. முடிவை வெறுமையாக விட்டால் கடைசி வரை போகும். எழுதினால் அந்தச் சுட்டெண் சேராது, அதற்கு முந்தியதோடு நின்றுவிடும். தொடக்கத்தை விட்டுவிட்டால் 0 என்று பொருள். தாவலை 0 என்று கொடுத்தால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். ஆனால் தொடக்கத்தைப் பட்டியலின் நீளத்துக்கு மேல் கொடுத்தால் பிழை எதுவும் காட்டாமல் வெறும் பட்டியலைத் தரும். இந்த இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் சத்தமில்லாமல் நடக்கிறது. மூன்றாவதாகத் தாவலைக் கொடுக்கும் இலக்கணம் பைத்தான் 1.4-இலேயே வந்துவிட்டாலும், எண் கணக்கீட்டுக்காரர்களின் தேவைக்காக வந்த அது சாதாரணப் பட்டியலுக்கும் எழுத்துச் சரத்துக்கும் 2003-இல் வெளியான 2.3 பதிப்பிலிருந்துதான் செல்லுபடியாகிறது. பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்துப் படித்தவர்கள் இன்னும் மீதி பார்க்கும் லூப்பையே எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

எதிர்மறைத் தாவலைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசிப் பதிவு கட்டாயம் வேண்டும் என்று நினைத்து [::-15] என்று பின்னாலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. அது [::15]-ஐத் திருப்பிப் போட்டது அன்று. உங்கள் கோப்பில் கடைசிச் சுட்டெண் 43,186. அதிலிருந்து பதினைந்து பதினைந்தாகப் பின்வாங்கினால் கடைசியில் நிற்பது சுட்டெண் 1. அதிலும் 2,880 எண்கள் வரும், ஆனால் உங்கள் 2,880-உடன் அவற்றில் ஒன்றுகூடப் பொதுவாக இருக்காது. எண்ணிக்கை ஒத்துப்போவதை வைத்து விடை ஒத்துப்போகிறது என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி அந்த 43,187. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். 30 நாளுக்கு 43,200. முதல் வரியும் கடைசி வரியும் நீங்கள் சொன்னபடி இருந்தால், நடுவில் எங்கோ 13 பதிவுகள் இல்லை. இது உறுதி, வெறும் கழித்தல் கணக்கு. உங்களுக்குக் கிடைத்த 2,880 என்ற எண், 30 நாளும் நாளுக்கு 96 கால்மணிகளும் பெருக்கினால் வரும் எண்ணாகவே இருப்பதால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அது தற்செயல். நீங்கள் எடுத்த கடைசிச் சுட்டெண் 43,185. கோப்பில் அது கடைசிக்கு முந்திய வரி. கடைசி வரி 23:59 என்றால் இது பெரும்பாலும் 23:58-ஆக இருக்கும், 23:45-ஆக இருக்காது. கோப்பைத் திறந்து அந்த வரியின் நேரத்தைப் பாருங்கள். விடுபட்ட இடத்துக்கு முன்னால் நீங்கள் எடுத்தவையெல்லாம் 00, 15, 30, 45-ஆவது நிமிடங்களில் விழுந்திருக்கும். 13-ம் ஒரே இடத்தில் விடுபட்டிருந்தால், அதற்குப் பிறகு எடுத்தவையெல்லாம் 13, 28, 43, 58-ஆவது நிமிடங்களில் விழுந்திருக்கும். வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. மழைமானிப் பதிவோடு வரி வரியாக ஒப்பிடும்போதுதான் மழை பெய்வதற்கு முன்பே கிணறு ஏறியதுபோல ஏதோ ஒன்று உதைக்கும்.

என் அப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். பாவு இழைகளை விழுதில் (தறியில் அந்த இழைகளை மேலும் கீழும் அசைக்கும் நூல் வளையங்களின் வரிசையில்) ஏற்றும்போது முன் விழுதுக்கு ஒன்று, பின் விழுதுக்கு ஒன்று என்று மாறி மாறி எடுத்துப் போக வேண்டும்; [0::2] ஒரு விழுது, [1::2] மற்றொரு விழுது, இரண்டும் சேர்ந்தால் பாவு முழுவதும். நடுவில் ஓர் இழை ஏறாமல் விட்டுப்போனால் கை அதே தாளத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். ஆனால் அந்த இடத்துக்கு அப்பால் முன் விழுதுக்குரியது பின்னுக்கும், பின்னுக்குரியது முன்னுக்கும் ஏறிக்கொண்டே போகும். அப்பா தவறை அந்த இடத்தில் தேடமாட்டார், ஓரத்தில் தேடுவார். கரையில் கடைசி இழை எந்த விழுதில் நிற்கிறது என்று பார்த்து, தவறாக நின்றால் மட்டும் உள்ளே விரலை விட்டுப் பின்னோக்கி வருவார். கடைசி வரியின் நேரத்தைப் பார்க்கச் சொன்னது அவரிடம் கற்றதுதான்.

அந்த 13 எங்கே போயின என்பதில் இரண்டு சாத்தியங்கள் இருக்கின்றன. உங்கள் கேள்வியில் உள்ள விவரத்தை மட்டும் வைத்து எது என்று சொல்ல இயலாது, ஆனால் நீங்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். முதலாவது, எல்லோருக்கும் தோன்றுவது: மின்தடை, அல்லது பேட்டரி மாற்றியபோது கருவி நின்றது. அப்படியானால் அடுத்தடுத்த இரு வரிகளுக்கு இடையே ஓர் இடத்தில் பெரிய இடைவெளி இருக்கும். இரண்டாவது, நம் பக்கத்துக் கல்லூரிகளில் மாணவர்கள் தாங்களே கட்டும் கருவிகளில் நான் அடிக்கடி காண்பது. நிரலில் '60 நொடி காத்திரு, பிறகு உணரியைப் படி, நினைவக அட்டையில் எழுது, மறுபடி காத்திரு' என்று எழுதியிருப்பார்கள். படிக்கவும் எழுதவும் ஆகும் நேரம் அந்த 60-உடன் கூடுகிறது. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்: 43,200 நிமிடத்தில் 43,187 பதிவு என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் சராசரியாக 60.018 நொடி. அந்த 18 மில்லிநொடி, ஒருமுறை உணரியைப் படித்து அட்டையில் எழுத ஆகக்கூடிய நேரத்துக்கு மிக அருகில் இருக்கிறது! இதுதான் காரணம் என்றால் 13 பதிவும் ஓரிடத்தில் தொலையவில்லை. ஏறத்தாழ 3,322 பதிவுக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு நாள் ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் ஓசையில்லாமல் நழுவியிருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய நேரப் பத்தியில் நொடிகளைப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் எல்லா வரியும் 00 அல்லது 01 என்று முடிந்து, மூன்றாம் நாளுக்குள் அது படிப்படியாக 59 வரை ஏறி மறுபடி 00-க்கு வந்திருந்தால் காரணம் இரண்டாவது. நொடிகள் நகராமல் நின்று ஓரிடத்தில் மட்டும் தாவியிருந்தால் முதலாவது. கருவியின் கடிகாரமே பிசகியிருக்குமோ என்று சிலர் கேட்பார்கள். சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலும் ஒரு நாளுக்கு 1.7 நொடிதான், ஒரு மாதத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் தகரப் பெட்டிக்குள் அது இன்னும் சற்று மெதுவாகும் என்பது உண்மைதான், ஆனாலும் 13 நிமிடத்தை அதன் தலையில் கட்ட முடியாது. எல்லா இடைவெளிகளையும் ஒரே நேரத்தில் காண, நேரப் பத்தியைக் காலக் குறிகளாக மாற்றி நம்பை (NumPy, பைத்தானில் எண் கணக்குக்கான கூடுதல் நிரல் தொகுப்பு) தரும் அணியாக வைத்துக்கொண்டு,

நேரம்[1:] - நேரம்[:-1]

என்று கழியுங்கள், முதலாவதை விட்டது ஒன்று, கடைசியை விட்டது ஒன்று, இரண்டின் வித்தியாசம் ஒவ்வோர் இடைவெளியும். சாதாரணப் பட்டியலில் கழித்தல் குறி வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காரணம் எதுவாயினும் தீர்வு ஒன்றே: சுட்டெண்ணை வைத்துத் தாவாமல் நேரத்தை வைத்துத் தாவுங்கள். எளிய வழி, நிமிடத்தை 15-ஆல் வகுத்து மீதி 0 வரும் வரிகளை மட்டும் எடுப்பது. உங்கள் பழைய லூப் அப்படியே இருக்கட்டும், சுட்டெண் இருக்கும் இடத்தில் நிமிடத்தைப் போடுங்கள், அவ்வளவுதான். நான் விரும்புவது இன்னொரு வழி. 43,200 நிமிடங்களுக்கும் காலியான இடங்களைக் கொண்ட முழு அட்டவணையை முதலில் அமைத்து, பதிவுகளை அவற்றுக்குரிய நிமிடத்தில் நிரப்பி, விடுபட்டவற்றை வெற்றிடமாகவே குறித்துவிட்டு, அதன் பிறகு [::15] போடுவது. இப்போது சுட்டெண்ணும் நேரமும் ஒன்றாகிவிட்டதால் தாவலை நம்பலாம். 13 நிமிடம் தொடர்ச்சியாக விடுபட்டிருந்தால் அதற்குள் அதிகபட்சம் ஒரே ஒரு கால்மணிக் குறிதான் சிக்கும், சிக்காமலும் போகலாம். அந்த ஒரு வெற்றிடத்தை நிரப்பாமல் வெற்றிடமாகவே காட்டுங்கள் என்பது என் கருத்து. அக்கம்பக்கத்து எண்களின் சராசரியால் நிரப்பும் வழக்கமும் உண்டு, அதைத் தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் நிரப்பியதை அறிக்கையில் எழுதிவிட வேண்டும். பாண்டாஸ் (pandas, அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் தொகுப்பு) பயன்படுத்துபவராக இருந்தால் அதன் ரீசாம்பிள் (resample) என்ற செயல் இந்த அட்டவணை வேலையை உங்களுக்காகச் செய்துவிடும். 00:00 என்று அது பெயரிடும் கட்டில் 00:00 முதல் 00:14 வரையான பதிவுகள் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நம்பைக்கு மாறியதும் ஒரு குழி காத்திருக்கிறது. சாதாரணப் பட்டியலில் [0::15] புதிய பட்டியலைத் தருகிறது; அதில் என்ன மாற்றினாலும் பழையது அப்படியே இருக்கும். நம்பையில் அதே குறி புதிய அணியைத் தருவதில்லை. பழைய அணியையே பதினைந்துக்கு ஒன்றாகப் பார்க்கும் ஒரு சன்னலைத் தருகிறது. உங்கள் கருவி கிணற்றின் கைப்பிடிச் சுவர் உச்சியிலிருந்து ஆழத்தை அளக்கிறது என்றும், தரைமட்டத்திலிருந்து வேண்டும் என்பதற்காகச் சுவரின் உயரமான 0.75 மீட்டரைக் கழிக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். எடுத்த வரிசைக்குத் தேர்வு என்று பெயரிட்டு,

தேர்வு -= 0.75

என்று எழுதினால், மூல அணியிலும் பதினைந்துக்கு ஓர் எண் 0.75 குறைந்துவிடும். பிறகு முழுப் பதிவை வரைந்தால் கோட்டிலிருந்து சீப்புப் பற்கள்போல ஒரே இடைவெளியில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். உணரி கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு மாணவர் கிணற்றிலிருந்து கருவியையே வெளியே இழுத்துக் கழுவிக் காயவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். தேர்வு = தேர்வு - 0.75 என்று எழுதினால் புதிய அணி உருவாகும், மூலம் தப்பிக்கும். அல்லது எடுக்கும்போதே காப்பி என்ற செயலைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். சன்னல் என்பது குறையன்று. பல கோடி எண்களைப் படியெடுக்காமல் கையாள அதுதான் வழி. தெரியாமல் அதைப் பயன்படுத்துவதுதான் குறை.

வேகத்தைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை என்றாலும் ஒரே வரி என்றதும் பலர் வேகத்தையே நினைப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 43,187 எண்களுக்கு எந்த வழியும் கண் சிமிட்டும் நேரம்தான்; படிப்பதற்கு எது தெளிவோ அதை எழுதுங்கள். மீதி பார்க்கும் லூப் எல்லா உறுப்பையும் தொட்டுப் பார்க்கிறது; தாவும் லூப் பதினைந்தில் ஒன்றைத்தான் தொடுகிறது. பதினைந்து மடங்கு வேகம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் பெரிய அணிகளில் ஏமாற்றம்தான், ஏனென்றால் செயலி நினைவகத்திலிருந்து ஒவ்வோர் எண்ணாக எடுப்பதில்லை. வழக்கமான கணினிகளில் 64 பைட் கொண்ட துண்டுகளாக எடுக்கிறது. எண்ணுக்கு 8 பைட் என்றால் ஒரு துண்டில் எட்டு எண்கள். பதினைந்து எண்ணுக்கு 120 பைட். ஆக பதினைந்தில் ஒன்றை மட்டும் கேட்டாலும் ஏறத்தாழப் பாதி நினைவகம் உள்ளே வந்துதான் போகிறது. ஐந்துக்கு ஒன்று என்றால் முழுவதுமே வந்துவிடும்.

பிற மொழிகளில் செய்ய நேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதை. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் 0. மேட்லேப், ஆர், ஜூலியா ஆகியவற்றில் 1. ஃபோர்ட்ரானில் நாம் வேறாக அறிவிக்காதவரை 1. ஆகவே நண்பரின் [14::15], ஃபோர்ட்ரான் 90-இல் 15::15 ஆகும். 0-இல் தொடங்குவதே ஒழுங்கு என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் ஒரு சிறு குறிப்பே எழுதினார். அதன் வாதம் எனக்கு ஏற்புடையதுதான், ஆனால் விழுதில் இழை ஏற்றிய வீட்டில் பிறந்தவனுக்கு முதல் இழை என்பது ஒன்றாவது இழைதான். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இந்தக் குறுக்கு இலக்கணம் இல்லை. சுட்டெண்ணை ஒவ்வொரு சுற்றிலும் 15 கூட்டும் லூப்பே போதும். கோப்பு நினைவகத்தில் அடங்காத அளவு பெரிது என்றால் வரி வரியாகப் படித்துக்கொண்டே தாவ வேண்டும். அப்போது கோப்பின் தலைப்பு வரியும் ஒரு வரியாக எண்ணப்பட்டு எல்லாவற்றையும் ஒன்று நகர்த்திவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

கடைசியாக, எனக்கு நேர்ந்த ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் திருவலம் அருகே பொன்னையாற்றுப் பக்கத்துக் கிணறு ஒன்றின் நிமிடப் பதிவை எடுத்து, மணிக்கு ஒன்று போதும் என்று [::60] போட்டு வரைந்தேன். கோடு பலகைபோல நேராக இருந்தது. பக்கத்து மோட்டாரால் இந்தக் கிணற்றுக்குப் பாதிப்பு இல்லை என்று அறிக்கையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரில் போனபோது மோட்டார் கொட்டகையில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டு, "சார், மோட்டாரு ஓடறப்போ கயித்த உட்டுப் பாருங்க, ஏழடி கீழ போவும்" என்றார். டைமர் வைத்து 20 நிமிடம் ஓட்டி 40 நிமிடம் ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் தாவலும் 60 நிமிடம், அவர்களின் சுற்றும் 60 நிமிடம். ஒவ்வொரு முறையும் நீர் ஏறி அமைந்த அதே கணத்தில் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து தொடக்கத்தை மட்டும் மாற்றிப் போட்டபோது அந்த ஏழடி அப்படியே வந்து நின்றது.

ஒரு சுற்றைக் காண வேண்டுமானால் அந்தச் சுற்றுக்குள் இரண்டுக்கு மேற்பட்ட முறை அளந்தாக வேண்டும் என்பது நைக்விஸ்ட் பெயராலும், 1949-இல் அதைத் தெளிவாக நிறுவிய ஷானன் பெயராலும் வழங்கும் விதி; புள்ளியியலில் முறைசார் கூறெடுப்பு என்ற பாடத்திலும் இதே எச்சரிக்கை உண்டு, அங்கே தொடக்கத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். குலுக்கல் ஒருதலைச் சார்பைக் குறைக்கும். ஆனால் தாவலும் சுற்றும் ஒன்றாகிவிட்ட இடத்தில் எந்தத் தொடக்கத்தை எடுத்தாலும் ஒரு கணம் மட்டுமே தெரியும். அதனால் பதினைந்தில் ஒன்றைப் பொறுக்குவதற்குப் பதிலாக, பதினைந்தின் சராசரி, மிகக் குறைவு, மிக அதிகம் மூன்றையும் எழுதி வைப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். நீர்மட்டம், மழை, வெப்பம் போன்ற மெதுவாக மாறும் அளவுகளைத்தான் நான் கையாண்டிருக்கிறேன். ஒலிக்கோப்பு, இதயத்துடிப்புப் பதிவு போன்றவற்றுக்கு இந்தச் சராசரி போதாது, அங்கே வடிகட்டிய பிறகே தாவ வேண்டும், அதைச் செய்பவர்களிடம் கேளுங்கள்.

உங்கள் கிணற்றுக்கு இந்தச் சிக்கல் உண்டா என்று அறிய ஒரு சோதனை போதும். இடைவெளிகளைச் சரிசெய்த முழு அட்டவணையிலிருந்து [0::15] தொடங்கி [14::15] வரை பதினைந்து வரிசைகளையும் எடுத்து ஒரே தாளில் வரையுங்கள். பதினைந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தால், உங்களுடையதை எடுத்தாலும் நண்பருடையதை எடுத்தாலும் அறிக்கை மாறாது. பிரிந்து பிரிந்து ஓடினால் அருகில் எங்கோ ஒரு மோட்டார் டைமரில் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம்; தாவலை முடிவு செய்யும் முன் அது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்று கொட்டகையில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.